எண்ணெய் குடித்த குழல்

துப்பாக்கி வீட்டுக்கு வந்த அன்று நான் முதலில் யோசித்தது, அதை எங்கே வைத்துப் பூட்டுவது என்பதைத்தான். அது பறவை சுடுகிற துப்பாக்கி இல்லை. பத்து மீட்டர் தள்ளித் தொங்கும் அட்டையில் அச்சடித்த வட்டங்களைச் சுடுகிற ஏர் ரைபிள். குழலை மடக்கிக் கீழே இழுத்தால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் பின்னால் போய் நிற்கும். ஒரு சின்ன ஈயக் குண்டைக் குழலின் பின்பக்கத் துளையில் வைத்து, மூடி, விசையை இழுத்தால் ஸ்பிரிங் பாய்ந்து காற்றை அழுத்தும். காற்று குண்டை வெளியே தள்ளும். அவ்வளவுதான். ஆனால் எங்கள் மகளுக்கு அப்போது மூன்று வயது. ஏற முடிகிற எதிலும் ஏறுவாள், திறக்க முடிகிற எதையும் திறப்பாள். அந்த வயதுப் பிள்ளை இருக்கிற வீட்டில் எதையும் அவ்வளவுதான் என்று சொல்லிவிட முடியாது.

கடைசியில் பீரோவைத் தேர்ந்தெடுத்தேன். பட்டுச் சேலைகளை ஒரு பக்கமாக ஒதுக்கி, தோளில் அணைக்கிற மரக்கட்டையின் அடியைப் பழைய வேட்டியில் சுற்றி, குழல் மேலே பார்க்கும்படி செங்குத்தாக நிறுத்தினேன். குண்டு டப்பாவைத் தனியாகப் பரண் மேல் வைத்தேன். பீரோ சாவியைக் கூடத்தில் தொங்கும் வேத வசனக் காலண்டருக்குப் பின்னால் மாட்டினேன். ராத்திரி படுத்த பிறகு, சாவி இருக்கிற இடம் எனக்கே மறந்துபோனால் என்ன செய்வது என்று தோன்றியது. காலையில் கணவரிடம் சொன்னேன். அவர் ஷிப்டில் இருக்கும்போது அவசரம் ஏதாவது வந்தால் என்று மாமியாரிடமும் சொன்னேன்.

"அப்பிடியே திருடன் வந்தா அவங்கிட்டயும் ஒரு வார்த்த சொல்லிரு," என்றார் கணவர்.

இந்த வம்பு முழுவதும் ஒரு பலூன் கடையில் தொடங்கியது. முந்தின வருடம் மாதா கோயில் திருவிழாவுக்கு என் தோழி எங்களைக் கூப்பிட்டிருந்தாள். அவள் பெரியதாழைக்காரி, நான் அறிவியல் நடத்துகிற அதே பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. கடற்கரைப் பக்கம் வரிசையாகக் கடைகள். பலூன் சுடும் கடையில் பாப்பா அடம்பிடித்து நின்றாள். பாப்பாவுக்காகத்தான் கடைக்காரரிடம் துப்பாக்கியைக் கையில் வாங்கினேன். முதல் இரண்டு குண்டும் இடது பக்கமாகப் போவதைப் பார்த்தேன். குழல் கோணல். அதனால் மூன்றாவதிலிருந்து ஒவ்வொரு பலூனுக்கும் வலப்பக்கம் பலூன் இல்லாத இடமாகப் பார்த்துச் சுட்டேன். ஒரு வரிசை முழுவதும் வெடித்துத் தீர்ந்தது.

"யக்கா, போதும்க்கா. அடுத்த ஆளுக்கு விடுங்க," என்று கடைக்காரர் ஒரு பச்சை சோப்பு டப்பாவைக் கையில் திணித்து என்னை அனுப்பிவைத்தார்.

தோழி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அடுத்த நாள் ஸ்டாப் ரூமில் டிபன் டப்பாவைத் திறப்பதற்குள் ஆரம்பித்துவிட்டாள்.

"ஏளா, நீ ரைபிள் கிளப்புக்கு வா. வெறுங்கண்ணால குறி பாத்துச் சுடுத ஓபன் சைட்டு ரைபிள்ல நம்ம மாவட்டத்துக்குப் பெண்கள் டீமே கெடையாது. டீமுக்கு மூணு பேரு வேணும். நான் இருக்கேன், காலேஜ் பிள்ள ஒருத்தி இருக்கா. மூணாவது ஆளத் தேடி நான் அலையாத எடம் இல்ல."

"எனக்குப் பிள்ள இருக்குளா."

"எனக்கு மட்டும் என்ன ஆட்டுக்குட்டியா இருக்கு? ரெண்டு இருக்கு."

நான் யாரிடமும் முடியாது என்று சொல்லத் தெரியாதவள். சரி என்று சொல்லிவிட்டு, அந்த வாரம் முழுவதும் ஏன் சொன்னோம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கிளப்பிலேயே ஒருவர் விற்ற பழைய ரைபிளைத் தோழி பேசி முடித்தாள். அப்படித்தான் அது பட்டுச் சேலைகளுக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

மாமியாருக்கு இது பிடிக்கவில்லை. அவர் சாத்தான்குளத்துக்காரர், சபையில் பெண்கள் ஐக்கியத்துக்கு அவர்தான் எல்லாம். "தையல் கிளாஸ் இருக்கு, கீபோர்டு கிளாஸ் இருக்கு. ஞாயித்துக்கிழம ஆராதன முடிஞ்ச கையோட மருமவ எங்கன்னு கேட்டா, துப்பாக்கி சுடப் போயிருக்கான்னா சொல்லுதது?" என்றார். அவர் சொல்வதும் நியாயம்தானே என்று எனக்கே பட்டது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். நான் கிளப்புக்குப் போகும் மத்தியானங்களில் பாப்பாவுக்குச் சோறு ஊட்டித் தூங்கவைப்பது அவர்தான். முணுமுணுத்துக்கொண்டே செய்வார். செய்யாமல் இருந்ததில்லை.

முதல் சில மாதங்கள் நன்றாகவே போயின. அட்டையின் நடுவில் இருக்கிற கறுப்பு வட்டத்துக்குள் என் குண்டுகள் ஒழுங்காக விழுந்தன. செலக்‌ஷன் என்று கிளப்பில் நடத்துகிற டீம் தேர்வு நெருங்க நெருங்கத்தான் எல்லாம் கலைந்தது. ஒன்று மேலே போகும், அடுத்தது கீழே போகும், ஒன்று அட்டையின் ஓரத்தைத் தொட்டுவிட்டுப் போகும். ஒரு பக்கமாக விலகினால் பலூன் கடையில் செய்த மாதிரி ஈடுகட்டலாம். இதற்கு ஒரு பக்கமும் இல்லை.

"மாவு சலிச்ச மாதிரில்லா சிதறிக் கெடக்கு," என்றாள் தோழி, அட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து.

கோளாறு என்னிடம்தான் என்று நான் உடனே முடிவுகட்டிவிட்டேன். மூச்சை எங்கே நிறுத்துகிறேன் என்று கவனித்தேன். காபியை விட்டேன். பாப்பா என் இடது கையில் தலை வைத்துத்தான் தூங்குவாள். அந்தக் கை மரத்துப்போவதால் இருக்குமோ என்று அவளை வலது பக்கம் மாற்றிப் படுக்கவைத்தேன். அவள் உருண்டு திரும்ப இடது பக்கமே வந்தாள். கண் டாக்டரிடம் போனேன். அவர் கண்ணில் ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார். ஒன்றும் இல்லை என்றதும் எனக்கு இன்னும் கவலையாகிவிட்டது.

தோழிக்கும் கவலைதான். ஆனால் அவள் காட்டிக்கொள்ளவில்லை. செலக்‌ஷனில் மூன்று பேருமே கிளப் வைத்திருக்கிற புள்ளிக் கணக்கைத் தொட வேண்டும். ஒருத்தி தவறினாலும் டீம் இல்லை. மற்ற இருவரும் மதுரையில் நடக்கிற மாநிலப் போட்டிக்குப் போக முடியாது. அவள் இதற்காக எத்தனை வருடம் காத்திருந்தாள் என்று எனக்குத் தெரியும். அதுதான் என்னைப் போட்டு அரித்தது. நான் தோற்றால் தோற்றுவிட்டுப் போகிறேன். அவளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு தோற்க வேண்டுமா?

கடைசியில் தோழி, என் மேல் சந்தேகப்படுவதை விட்டுவிட்டுத் துப்பாக்கியின் மேல் சந்தேகப்படச் சொன்னாள். "உங்க வீட்டுக்காரரு ஹார்பர்ல கிரேன் மெக்கானிக்குதானே? காட்டு. பேரலைச் சரி பாக்கச் சொல்லு."

கணவருக்கு இதைச் சொன்னதும் தீபாவளியும் கிறிஸ்துமஸும் சேர்ந்து வந்த மாதிரி ஆகிவிட்டது. அதுவரை ரைபிளைத் தொட்டுப் பார்க்க ஆசைப்பட்டு, நான் என்ன நினைப்பேனோ என்று தள்ளியே நின்றிருக்கிறார். சாப்பாட்டு மேஜையில் பழைய போர்வையை விரித்து அதன் மேல் ரைபிளைக் கிடத்தினார். பாப்பா நாற்காலியில் ஏறி நின்று பார்த்தாள். குண்டு உள்ளே இல்லை என்று நான் பார்த்தேன். பிறகு இன்னொரு தடவை பார்த்தேன். அவரையும் பார்க்கச் சொன்னேன்.

முதலில் ஸ்குரூக்கள். கட்டையையும் இரும்பையும் சேர்க்கிற ஸ்குரூக்களில் ஒன்று லேசாகத் தளர்ந்திருந்தது. குழல் மடங்குகிற இடத்துப் போல்ட்டும் கொஞ்சம் ஆடியது. இரண்டையும் முறுக்கினார். அடுத்து குழலின் முன்வாய். குண்டு கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகிற விளிம்பு அது. அதில் ஒரு சின்னப் பிசிறு இருந்தாலும் குண்டை ஒரு பக்கமாகத் தட்டிவிடும் என்று நான் படித்திருந்தேன். காது குடைகிற பஞ்சுக் குச்சியை உள்ளே விட்டு, மெதுவாக விளிம்பைச் சுற்றி வெளியே இழுத்தேன். ஓர் இடத்தில் பஞ்சு இழை மாட்டி நீண்டு வந்தது.

"ஆப்ட்டுக்கிட்டு!" என்றார் கணவர். "நாளைக்கு லேத்துல குடுத்து வாய ஒரு நூலளவு வெட்டிருவோம்."

"ஐயோ, வேண்டாங்க. வெட்டிட்டா திரும்ப ஒட்ட முடியாது."

அரை மணி நேரம் பேசி, ஒரு நடுவழிக்கு வந்தோம். உருண்டைத் தலை உள்ள பித்தளை ஸ்குரூ ஒன்றை எடுத்தார். அதன் தலையில் வால்வு தேய்க்கிற பசையைத் தொட்டுக் குழல் வாயில் வைத்து, கையாலேயே இப்படியும் அப்படியும் திருப்பித் திருப்பித் தேய்த்தார். பசை உள்ளே போய்விடக் கூடாது என்று நான் முதலிலேயே துணியைச் சுருட்டி அடைத்திருந்தேன். அவர் தேய்க்க, நான் துடைத்துப் பார்க்க, அவர் தேய்க்க.

பாப்பா அடுக்களைப் பக்கம் பார்த்துக் கத்தினாள்: "அப்பாச்சி! அப்பா துப்பாக்கிக்குப் பல்லு தேச்சி விடுதாங்க!"

மாமியார் எட்டிப்பார்த்தார். "நல்லாத் தேய்க்கச் சொல்லு. உங்கப்பனுக்கு நான் தேச்சிவிட்ட காலத்துல வாயவே தெறக்க மாட்டான்," என்றுவிட்டு உள்ளே போனார்.

பஞ்சுக் குச்சி எங்கேயும் மாட்டாமல் வழுக்கிக்கொண்டு வந்தது. விளிம்பு முழுவதும் ஒரே மாதிரி மெல்லிய வெள்ளி வளையம். பார்க்கவே அழகாக இருந்தது. குறை தீர்ந்தது என்று அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன். எனக்கு அது அபூர்வம்.

ஞாயிற்றுக்கிழமை கிளப்புக்குப் போனோம். துறைமுகச் சாலைப் பக்கம் ஒரு பழைய குடோனைத்தான் ரேஞ்சாக ஆக்கி வைத்திருக்கிறார்கள். முதல் குண்டை வைத்து விசையை இழுத்தேன். வழக்கமாகக் கேட்கிற 'டப்' இல்லை. வெடி போட்ட மாதிரி ஒரு சத்தம். குழல் வாயிலிருந்து புகை வந்தது. குண்டு அட்டையிலேயே படவில்லை. இரண்டாவது கீழே. மூன்றாவது மேலே. முன்பு மாவு சலித்த மாதிரி இருந்தது. இப்போது மாவை வாரி இறைத்த மாதிரி இருந்தது.

கெடுத்துவிட்டோம். வாயைத் தேய்த்தே கெடுத்துவிட்டோம். இருந்ததை அப்படியே விட்டிருக்கலாம். அடுத்த வாரத்துக்கு அடுத்த வாரம் செலக்‌ஷன். தோழி முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

தோழியோ மூக்கை உயர்த்தி மோப்பம் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"யாருளா இங்கன முந்திரிக்கொத்து பொரிக்கது? கிறிஸ்மஸுக்கு இன்னும் எம்புட்டு நாளு கெடக்கு!"

எனக்கும் அந்த வாசனை வந்தது. சுடச்சுடத் தேங்காய் எண்ணெய் வாசனை. சுற்றிலும் உப்பளம், அடுப்பே கிடையாது. தோழி குனிந்து என் குழல் வாயை முகர்ந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். மறுபடியும் முகர்ந்தாள்.

"இதுக்குள்ளருந்துளா வருது!"

பாப்பாவின் பழைய தொட்டில் துணியை வெட்டி, நூலில் கட்டி வைத்திருப்பேன். அதைக் குழலுக்குள் விட்டு இழுத்தோம். துணி பளபளவென்று நனைந்து வந்தது. தேங்காய் எண்ணெய்தான். இரண்டாவது துணியில் மண்ணெண்ணெய் மாதிரி நெடி. மூன்றாவதில் எனக்கு நன்றாகத் தெரிந்த தையல் மிஷின் எண்ணெய். அது நானே போட்டது. தோழி மூன்று துணியையும் மேஜையில் வரிசையாகப் பரப்பிவைத்து, இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"எத்தன பேருளா உங்க வீட்ல இதுக்குச் சமைக்கீங்க?"

இதைப் புரிந்துகொள்ள எங்கள் ஊரைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். முத்தையாபுரத்தில் எங்கள் வீட்டுக்கு ஒரு பக்கம் உப்பளம், இன்னொரு பக்கம் கடல். காற்றிலேயே உப்பு. வாசல் கேட்டின் கீலை ஒரு வாரம் கவனிக்காமல் விட்டால் அழ ஆரம்பிக்கும். ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின், பாப்பாவின் மூன்று சக்கர வண்டி, ஊக்கு, அரிவாள்மனை, எல்லாவற்றுக்கும் எண்ணெய் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மற்ற ஊர்களில் காலையில் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். நாங்கள் இரும்புக்கு எண்ணெய் விடுவோம். மாமியாரிடம் பழைய இருமல் மருந்துக் குப்பியில் தேங்காய் எண்ணெயும் ஒரு கோழி இறகும் எப்போதும் இருக்கும். கணவரிடம் துரு எடுக்கிற ஸ்பிரே டப்பா. என்னிடம் தையல் மிஷின் எண்ணெய். இந்த வீட்டில் யாரும் யாரையும் கேட்டு இரும்புக்கு எண்ணெய் போடுவதில்லை. கண்ணில் பட்டால் போடுவதுதான் வழக்கம்.

துப்பாக்கியும் இரும்புதான். அதன் சாவி எங்கே இருக்கிறது என்று எல்லாருக்கும் சொல்லிவைத்தவள் நான்தான்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது கேட்டேன். யாரையும் குற்றம் சொல்கிற மாதிரி இருக்கக் கூடாது என்று வழியெல்லாம் வாக்கியத்தை மாற்றி மாற்றி யோசித்து வந்திருந்தேன்.

"ஏங்க, ரைபிளுக்கு நீங்க ஏதாவது ஸ்பிரே அடிச்சீங்களா?"

"அது... சும்மா ரெண்டு தடவ அடிச்சேன்," என்றார், தட்டைப் பார்த்துக்கொண்டே. "பிறவு அன்னைக்குத் தேச்சி முடிச்சதும் ஒரு தடவ. பச்ச இரும்பு தெரியுதுல்லா, அப்பிடியே விட மனசு வரல."

மாமியார் பாப்பாவுக்கு ரசம் சாதம் பிசைந்துகொண்டிருந்தார். ஏற்கெனவே குழைந்த சோற்றை இன்னும் வேகமாகப் பிசைந்தார். அதிலிருந்தே தெரிந்துபோயிற்று.

"அத்த?"

"ஆமா, நாந்தான் விட்டேன். காத்துல ஈரம் ஏறுனதுலருந்து வாரா வாரம் சனிக்கிழம விடுதேன். மேல ஓட்ட தெரியுதுல்லா, அதுவழியா ரெண்டு சொட்டு." நிமிர்ந்து பார்த்தார். "துருப்பிடிச்சுப் போச்சுன்னா யாரு பதில் சொல்லுதது? நீ பாட்டுக்குத் தோத்துட்டு வந்து, எங்க மாமியா வீட்டுல வச்சதுனால கெட்டுப்போச்சுன்னு நாசரேத்துல போய்ச் சொன்னியன்னா?"

நாசரேத் என் அம்மா வீடு. நான் அப்படிச் சொல்கிறவளா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் கணவர் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். "எம்மா, நீ துப்பாக்கியே வேண்டாம்னு சொன்ன ஆளுல்லா?"

"வேண்டாம்னுதான் இப்பவும் சொல்லுதேன். அதுக்காக வீட்ல இருக்க இரும்பத் துருப்பிடிக்க விடச் சொல்லுதியாலே?"

மேலே பார்த்து நிற்கிற குழலுக்குள் வாராவாரம் விட்ட எண்ணெய், நேராக வழிந்து காற்று அழுத்தப்படுகிற அறை வரைக்கும் போயிருக்கிறது. காற்றைச் சட்டென்று அழுத்தினால் சூடாகும். அந்தச் சூட்டில் எண்ணெய் பற்றிக்கொள்ளும். டீசல் எஞ்சின் ஓடுவதே இப்படித்தான். இதைக் கரும்பலகையில் படம் போட்டுப் பிள்ளைகளுக்கு நடத்துகிறவள் நான். எங்கள் வீட்டு பீரோவில் ஒரு டீசல் எஞ்சின் நிற்பது மட்டும் எனக்குத் தோன்றவில்லை. ஒரு தடவை நிறைய எரியும், ஒரு தடவை கொஞ்சம் எரியும்; குண்டு ஒரு தடவை வேகமாகப் போகும், ஒரு தடவை மெதுவாகப் போகும். மேலும் கீழும் சிதறாமல் என்ன செய்யும்? அதுவரை நான் என் மூச்சைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

கணவர் ஒரு நாள் லீவு போட்டு ரைபிளைப் பிரித்து, உள்ளே இருந்த எண்ணெயை எல்லாம் துடைத்து எடுத்தார். அடுத்த ஞாயிறு கிளப்பில் உலர்ந்த குழலோடு நின்றேன். சத்தம் பழையபடி 'டப்' என்று வந்தது. ஆனால் முதலில் விழுந்த குண்டுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகவே விழுந்தன. நான் ரைபிளைக் கீழே வைக்கப் போனேன்.

"வைக்காத, சுடு," என்றாள் தோழி. "சுத்தமாத் தொடச்ச பேரலு உடனே சொன்னபடி கேக்காது. உள்ள ஈயம் லேசாப் படியணும். சுட்டுக்கிட்டே இரு."

சுட்டுக்கொண்டே இருந்தேன். குண்டுகள் ஒன்றையொன்று தேடி வருகிற மாதிரி மெல்ல மெல்ல நெருங்கி வந்தன. கடைசி அட்டையில் விழுந்த ஓட்டைகளை ஒரு ரூபாய் நாணயத்தால் மூட முடிந்தது. தோழி மூடியே காட்டினாள்.

"இப்ப சொல்லுதத நல்லாக் கேளு. இந்தப் பேரலுக்குள்ள செலக்‌ஷன் வரைக்கும் துணியும் போகப்புடாது, எண்ணெயும் போகப்புடாது, உன் விரலும் போகப்புடாது. படிஞ்ச ஈயம் அப்பிடியே இருக்கணும். வெளிய வேணும்னா தொடச்சிக்கோ. வீட்ல போய்ச் சொல்லிரு."

வீட்டில் போய்ச் சொன்னேன். வெளிப்புறம் துடைக்கிற பொறுப்பை மாமியாரே கேட்டு வாங்கிக்கொண்டார். கணவர் மெஷின் பார்சல்களில் வருகிற ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைக் கொண்டுவந்து பீரோவுக்குள் போட்டார்.

எல்லாரும் கேட்டுக்கொண்டார்கள். கேட்காதது நான் ஒருத்திதான்.

அந்த வாரம் கொண்டல் காற்று. கடலிலிருந்து ஈரத்தை அப்படியே சுமந்துகொண்டு வருகிற காற்று. துணி காயவில்லை. உப்பு டப்பா கட்டிபட்டது. ஒவ்வொரு நாளும் பள்ளியிலிருந்து வந்ததும் என் கண் பீரோ மேலேயே போகும். புதிதாகத் தேய்த்த விளிம்பு. பாலிஷ் இல்லாத பச்சை இரும்பு. எண்ணெய் ஒரு சொட்டு இல்லாமல் இந்தக் காற்றில் நிற்கிறதே. உள்ளே துரு பூத்திருந்தால்? ஒரே ஒரு தடவை துணி விட்டுப் பார்த்துவிட்டால் என்ன? எண்ணெய் வேண்டாம், துணி மட்டும். பார்த்துவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம். பார்த்தால் கெடும் என்று தோழி சொன்னாள். பார்க்காமலே கெட்டிருந்தால்?

சனிக்கிழமை சாயங்காலம் முடிவெடுத்துவிட்டேன். காலண்டருக்குப் பின்னால் கை விட்டேன். சாவி இல்லை. அறைக்குள் போனேன். பீரோவை அடைத்துக்கொண்டு நாற்காலி போட்டு மாமியார் உட்கார்ந்திருந்தார். மடியில் முறம், முறத்தில் முருங்கைக் கீரை. சாவி அவர் இடுப்பில்.

"அத்த, ஒரு சேல எடுக்கணும்."

"எந்தச் சேல?"

"அந்த... மாம்பழக் கலர் பட்டு."

"நாளைக்குச் சுடத்தான போற? சுடுததுக்கு எதுக்குளா பட்டு?"

நான் நின்றுகொண்டே இருந்தேன். அவர் கீரையை உருவிக்கொண்டே இருந்தார்.

"ஒரு தடவ பாத்துட்டு வச்சிருதேன் அத்த. துருப்பிடிச்சிருந்துச்சுன்னா?"

"பிடிச்சாப் பிடிக்கட்டும். ஒரு ராத்திரில ஒண்ணும் தின்னுறாது."

வாசல் கேட்டுக் கீல் முனகினால் பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோகிற மனுஷி சொன்ன வார்த்தை இது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் இருந்தார் என்று நினைக்கிறேன். "எனக்கு மட்டும் கை பரபரன்னு வரலையா? மூணு நாளா எண்ணெக் குப்பிய எடுத்துப் பரண்ல வச்சிருக்கேன், தெரியுமா? உக்காரு. கீரைய ஆயி."

உட்கார்ந்து கீரை ஆய்ந்தேன். பாப்பா வந்து காம்புகளை எல்லாம் எண்ணி வேறு முறத்தில் போட்டாள்.

செலக்‌ஷன் அன்று முதலில் சுட்டுப் பார்க்கக் கொடுக்கிற குண்டுகளில் முதலாவது கறுப்பின் ஓரத்தில் விழுந்தது. துரு. கட்டாயம் துருதான். இரண்டாவது கொஞ்சம் உள்ளே வந்தது. மூன்றாவது இன்னும் உள்ளே. நான்காவது மூன்றாவதைத் தொட்டுக்கொண்டு விழுந்தது. அதற்குப் பிறகு நான் ஓர் ஆச்சரியமான காரியம் செய்தேன். எதையும் மாற்றவில்லை. காலை நகர்த்தவில்லை, குறியைத் திருகவில்லை, மூச்சைப் பற்றி நினைக்கவில்லை. குழல் சும்மா இருக்கிறது. நாமும் சும்மா இருப்போம் என்று சுட்டேன். நடுவில் ஒன்று ஓரமாகப் போனது. அது என் தப்பு. யாரோ பின்னால் தும்மினார்கள். மற்றவை எல்லாம் ஒழுங்காகவே விழுந்தன.

அட்டைகளை எண்ணி முடிக்கும் வரை நான் சுவரைப் பார்த்து நின்றேன். தோழிதான் முதலில் எட்டிப்பார்த்தாள்.

"ஏளா!" என்று அவள் போட்ட சத்தத்தில் காலேஜ் பிள்ளை கையில் இருந்த தண்ணீர் பாட்டிலைக் கீழே போட்டுவிட்டாள். வேண்டிய கணக்குக்கு மேலேயே கொஞ்சம் இருந்தது. தோழி என்னைக் கட்டிப்பிடித்து, பிடித்த பிடியிலேயே குனிந்து என் குழலை ஒரு தடவை முகர்ந்து பார்த்துக்கொண்டாள்.

மதுரைக்கு நாங்கள் மூன்று பேரும் போனோம். மூன்று பேர் மட்டும் என்று சொல்ல முடியாது. பாப்பாவைப் பார்த்துக்கொள்ள யாராவது வேண்டும் என்று சொல்லிக்கொண்டு மாமியாரும் வந்தார். பாப்பாவைப் பார்த்துக்கொள்ளக் கணவர் லீவு போட்டிருந்தது அவருக்குத் தெரியும். மருமகள் மாவட்டத்துக்காகச் சுடப் போகிறாள் என்று சபையில் எல்லாரிடமும் முன்கூட்டியே சொல்லிவிட்டு வந்திருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

பெரிய அரங்கு. எல்லாக் கதவும் மூடி, உள்ளே அப்படி ஓர் அமைதி. எங்கள் வரிசையைக் கூப்பிட இன்னும் சற்று நேரம் இருந்தது. நானும் தோழியும் ரைபிள்களை உறையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தோம். அப்போதுதான் அது வந்தது. தேங்காய் எண்ணெய் வாசனை. சுடச்சுட.

தோழி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். இருவரும் ஒரே நேரத்தில் பாய்ந்து குழலை முகர்ந்தோம். ஈய வாசனை மட்டும். பக்கத்து மாவட்டத்துப் பெண் ஒருத்தி எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். தோழி அவள் குழலையும் முகரப் போகிறாளோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது.

"அம்மா!" என்று பாப்பாவின் குரல். திரும்பிப் பார்த்தோம். பார்வையாளர் வரிசையில் மாமியார் எவர்சில்வர் தூக்கைத் திறந்து மடியில் வைத்திருந்தார். விடியக்காலம் கிளம்புவதற்கு முன் அடுப்பில் ஏதோ பொரிந்துகொண்டிருந்தது இப்போது புரிந்தது. முந்திரிக்கொத்து. பாப்பாவின் இரண்டு கன்னமும் உப்பியிருந்தன. கணவர் கையில் ஒன்று. அந்த வரிசையில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாதவர்கள் கையிலும் ஆளுக்கு ஒன்று.

"என்னளா முழிக்கிய?" என்றார் மாமியார், கிசுகிசுப்பதாக நினைத்துக்கொண்டு, அரங்கம் முழுவதும் கேட்கும்படி. "வெறு வயித்தோட நிக்காத. வந்து ஒண்ணு எடுத்துக்கோ."

அவரிடமும் முடியாது என்று எனக்குச் சொல்லத் தெரியாது. போய் ஒன்றை வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன். கருப்பட்டி இன்னும் இளகியே இருந்தது. திரும்பி வந்து ரைபிளை எடுக்கக் கை நீட்டினேன். தோழி என் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கி, பளபளக்கிற என் விரல்களை என் கண்ணுக்கு நேராகவே காட்டினாள்.

"இந்தக் கையோட அதத் தொட்ட, இங்கனயே கொன்னுருவேன்."

பையில் கை விட்டு, பலூன் கடைக்காரர் கொடுத்த அந்தப் பச்சை சோப்பு டப்பாவைத் தேடி எடுத்தேன். எங்கள் வரிசையைக் கூப்பிடுவதற்குள் இரண்டு கையையும் நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டு ஓடிவந்து நின்றேன்.